பார்க்க வந்தவரின் நேரத்தில் செய்யப்படும் கலை: பங்கேற்பு நிகழ்த்துகலை, தொடக்கத்திலிருந்து

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பதுளையிலோ கலை பற்றிப் பேச்சு எழுந்தால் ‘பங்கேற்பு’ என்ற சொல் எப்படியும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வீதி நாடகத்தின் இடையில் கூட்டத்திலிருந்து இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினால் பங்கேற்பு, பாட்டுக்குச் சபையைக் கைதட்டச் சொன்னால் பங்கேற்பு, கண்காட்சியில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு வந்தவர்களைக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் பங்கேற்பு. இன்னொரு பக்கம், ஒரு வெளிநாட்டுக் கலைஞர் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் படத்தை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் கலையா, எங்கள் தாத்தா இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நாள் முழுக்க இப்படித்தானே உட்கார்ந்திருந்தார்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தின் மீது கோபமே இல்லை. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கு யாரும் நிதானமாகப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். கலைக் கல்லூரிப் பக்கமே போகாத ஒருவர் இந்த வகைக் கலையின் எதிரில் நின்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை முடிந்தவரை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

செத்த வீட்டுக்குப் போனால்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு செத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பார்வையாளர் என்று ஒருவரும் கிடையாது. ஒருவர் தகரம் அடித்து பந்தல் போடுகிறார், ஒருவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார், நாலு பேர் ராத்திரி முழுக்கக் கடதாசி விளையாடி விழித்திருக்கிறார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், எதுவும் செய்யத் தெரியாத ஒருவர் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பவரும் செத்த வீட்டின் ஒரு பகுதிதான், அவர் எழுந்து போனால் வீட்டில் ஏதோ ஒன்று குறையும். ‘வந்தானா, வரவில்லையா, எவ்வளவு நேரம் இருந்தான்’ என்பதுதான் பிறகு பேசப்படும். அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. இறந்தவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார், விடிவதற்குள் அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் வேறு ஆளாகிவிட்டிருப்பார்.

நேரம், ஞாபகம், இருப்பு என்று பெரிய சொற்களில் பேசப்படுவது மூன்றும் இதற்குள் இருக்கிறது. எத்தனை மணி நேரம் தங்கினோம் என்பது நேரம். கூடிப் பேசி ஒருவரைத் திரும்பக் கட்டி எழுப்புவது ஞாபகம். வெறுமனே அங்கே இருப்பதே ஒரு செயலாக மாறுவது இருப்பு. செத்த வீடு கலை இல்லை, அதை யாரும் கலையாகச் செய்வதும் இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரையும் தனக்குள் எடுத்துக்கொள்ளும் ஒரு நிகழ்வு எப்படி இருக்கும் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெரிந்த உதாரணம் நம்மிடம் இல்லை.

நாடகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்

கூத்து, பரதம், நாடகம் எல்லாவற்றையும் சேர்த்து நிகழ்த்துகலைகள் என்று சொல்வது வழக்கம். இந்தக் கட்டுரையில் நிகழ்த்துகலை என்று நான் சொல்வது அதற்குள் ஒரு தனி வகையை மட்டும்: பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் என்று ஓவிய, சிற்ப உலகத்துக்குள்ளிருந்து கிளம்பி வந்த வகை. கலைஞர் தன் உடம்பையும் நேரத்தையும் வைத்து, ஒரு இடத்தில், உண்மையாகவே ஒன்றைச் செய்வது. வேறொரு ஆளாக நடிப்பது இதில் இல்லை. நாடகத்தில் கத்தி குத்தினால் சிவப்புத் தண்ணீர் வரும், திரை விழுந்ததும் செத்தவர் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போவார். நிகழ்த்துகலையில் ஒருவர் ஆறு மணி நேரம் நின்றால் அவருக்கு உண்மையாகவே கால் வலிக்கும்.

அந்த நிகழ்வு முழுமையடைவதற்குப் பார்க்க வந்தவர் ஏதாவது செய்தாக வேண்டும் என்று அமைத்துவிட்டால் அது பங்கேற்பு நிகழ்த்துகலை. கவனியுங்கள், ‘செய்தால் நல்லது’ என்று இருந்தால் போதாது. செய்யாவிட்டால் படைப்பே இல்லை என்ற அளவுக்கு இருக்க வேண்டும். கைதட்டல் இல்லாமலும் பாட்டு பாட்டுதான், அதனால் கைதட்டல் பங்கேற்பு ஆகாது.

இது எங்கே தொடங்கியது என்று ஒரே ஓர் இடத்தைக் காட்ட முடியாது என்றாலும், 1959இல் நியூயார்க்கில் ரூபன் காட்சிக்கூடத்தில் அமெரிக்கக் கலைஞர் ஆலன் காப்ரோ நடத்திய ஒரு நிகழ்வைப் பலரும் சொல்வார்கள். கூடத்தை பிளாஸ்டிக் தாள்களால் மூன்று அறைகளாகப் பிரித்திருந்தார். வந்தவர்களின் கையில் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. எந்த நேரம் எந்த அறையில் உட்கார வேண்டும், மணி அடித்தால் எப்போது எழுந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒருவர் உட்கார்ந்த அறையில் நடந்ததை இன்னொரு அறைக்காரர் முழுதாகப் பார்க்க முடியாது. ஒரே நிகழ்வுக்கு வந்த இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு ஞாபகங்களோடு வீட்டுக்குப் போனார்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: நடிப்பு இல்லை, நடப்பது நிஜமாகவே நடக்கிறது, பார்க்க வந்தவர் கை வைக்காவிட்டால் அது முடிவதில்லை.

எல்லாம் விதியில்தான் இருக்கிறது

ஓவியருக்குச் சாயம் எப்படியோ, பங்கேற்புக் கலைஞருக்கு விதி அப்படி. விதி என்றால் தலைவிதி இல்லை, ‘இன்னதைச் செய்யலாம், இன்னதைச் செய்யக்கூடாது, இப்போது தொடங்கும், இப்போது முடியும்’ என்று வந்தவர்களுக்குச் சொல்லப்படும் ஏற்பாடு. கலைஞரின் திறமை முழுக்க இதில்தான் தெரியும். நல்ல விதி இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும், ஒரு பிள்ளைக்கும் புரியும், ஆனால் அதைச் செய்யத் தொடங்கியதும் எதிர்பாராத இடத்துக்குக் கூட்டிப் போகும்.

இதை வீட்டில் இருந்தபடியே செய்து பார்க்கலாம். பிரேசில் நாட்டுக் கலைஞர் லிஜியா கிளார்க் 1963இல் உருவாக்கிய ஒரு படைப்புக்குத் தேவை ஒரு நீளமான கடதாசிப் பட்டை, கொஞ்சம் பசை, ஒரு கத்தரிக்கோல். பட்டையின் ஒரு முனையை ஒரு அரைச் சுற்றுத் திருப்பி மற்ற முனையோடு ஒட்டுங்கள். ஒரு வளையம் கிடைக்கும், ஆனால் அதற்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று தனித்தனியாக இருக்காது, விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் ஒன்றே என்று தெரியும். இப்போது பட்டையின் நடுவில் கத்தரிக்கோலைக் குத்தி, நீளவாட்டில் வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சுற்று முடிந்து தொடங்கிய வெட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அதில் போய்ச் சேராமல் இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்க வேண்டும், எந்தப் பக்கம் என்பது உங்கள் இஷ்டம். வெட்ட வெட்டப் பட்டை மெலிந்து, நீண்டு, மேசையில் சுருண்டு விழும், இனி வெட்ட இடமில்லை என்ற நிலைக்கு வந்ததும் முடிந்தது.

மேசையில் கிடக்கும் குப்பை படைப்பு இல்லை என்பதில் கிளார்க் தெளிவாக இருந்தார். வெட்டிக்கொண்டிருந்த அந்த நேரம்தான் படைப்பு. அதைச் செய்தவர் கலைஞர் இல்லை, நீங்கள். ஒரு முறை செய்து பார்த்தவருக்கு நான் இந்தக் கட்டுரையில் எழுதியதில் பாதி தேவையே படாது, ஆகவே தயவுசெய்து செய்து பாருங்கள்.

விதி எளிதாக இருப்பதால் ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964இல் ஜப்பானில் கியோட்டோ நகரத்திலும், அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் செய்த ஒரு நிகழ்வின் விதி இவ்வளவுதான்: அவர் நல்ல உடுப்பு உடுத்தி மேடையில் மண்டியிட்டு அசையாமல் இருப்பார், எதிரில் ஒரு கத்தரிக்கோல் இருக்கும், விரும்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து உடுப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். முதலில் வருகிறவர்கள் கூச்சத்தோடு ஓரத்தில் கொஞ்சம் வெட்டுகிறார்கள். நேரம் போகப் போகத் துணிச்சல் வருகிறது. நியூயார்க் நிகழ்வைப் படம் பிடித்திருக்கிறார்கள், அதில் ஓர் ஆண் வந்து உள்ளாடையின் பட்டியை வெட்டும்போது ஓனோவின் கண்கள் தடுமாறுவதைப் பார்க்கலாம். எப்போது முடிப்பது என்ற உரிமையை மட்டும் ஓனோ தன்னிடம் வைத்துக்கொண்டார். அது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், பிறகு சொல்கிறேன்.

மரீனா அப்ரமோவிச் என்ற கலைஞர் 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் அந்த உரிமையையும் விட்டுக்கொடுத்தார். மேசையில் 72 பொருட்கள், ரோஜாப் பூ, தேன், கத்தரிக்கோல் முதல் துப்பாக்கியும் ஒரு தோட்டாவும் வரை. ஆறு மணி நேரத்துக்கு இவற்றை என்மேல் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று அறிவித்துவிட்டு நின்றார். பூவைக் கையில் கொடுத்துத் தொடங்கிய கூட்டம் பிறகு உடுப்பை வெட்டியது, தோலைக் கீறியது, ஒருவர் துப்பாக்கியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து அவரை நோக்கிப் பிடிக்க வைக்கும் வரை போனது, அப்போது கூட்டத்துக்குள்ளேயே சிலர் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். நேரம் முடிந்து அவர் அசைந்து நடக்கத் தொடங்கியதும் வந்திருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விலகி ஓடினார்கள் என்று அவரே பிறகு பல முறை சொல்லியிருக்கிறார். ஒரு விதி, ஒரு கூட்டம், ஆறு மணி நேரம். மனிதர்களைப் பற்றி அது காட்டியதை ஒரு ஓவியத்தால் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேரம்: யாருடைய மணி?

மலையகத்துக்காரர்களுக்கு இந்தப் பகுதி மற்றவர்களைவிட வேகமாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

கலைஞர் தெஹ்சிங் ஷே தாய்வானிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, ஆவணங்கள் இல்லாமல் வாழ்ந்தவர். 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருஷத்துக்கு, தன் அறையில் ஒரு தொழிற்சாலை நேரப் பதிவு இயந்திரத்தை வைத்து, தொழிலாளி உடுப்பு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் அட்டையைச் செருகிப் பதிந்தார். இரவிலும்தான். வருஷத்துக்கு 8,760 மணி, அதில் அவர் தவறவிட்டது 133, பெரும்பாலும் தூங்கிப்போனதால். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஃபிரேம் படம் எடுத்தார். தொடக்கத்தில் மொட்டை அடித்துக்கொண்டதால், அந்தப் படங்களை ஓட்டிப் பார்க்கும்போது ஆறு நிமிஷத்துக்குள் தலைமுடி தோள் வரை வளர்கிறது, ஒரு வருஷம் நம் கண் முன்னால் ஓடிவிடுகிறது, ஆனால் தூங்கிப்போய்த் தவறவிட்ட அந்தச் சில மணிகளைத் தவிர, அந்த மனிதர் அந்த வருஷத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கியிருக்க முடியாது.

இது பங்கேற்பு வகை இல்லை, அவர் தனியாகச் செய்தது. ஆனால் நீள்நேரப் படைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நீள்நேரப் படைப்பு என்றால் நேரம் நீள்வதே பொருளாக இருக்கும் படைப்பு, நேரத்தைக் குறைத்தால் சுருக்கம் கிடைக்காது, படைப்பே போய்விடும்.

தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்தில் எழுந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கொழுந்து நிறுத்து, தோட்டம் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழும் என்று தெரிந்தே வளர்ந்த ஒருவருக்கு ஷே எதைக் கேட்கிறார் என்று நீளமாக விளக்க வேண்டியதில்லை. ஒரு மனிதரின் நாள் எப்படி இன்னொருவரின் கணக்கில் ஒரு ‘பேர்’ ஆக மாறுகிறது என்பதைத்தான் அவர் தன் உடம்பில் செய்து காட்டினார். தோட்டத்தில் அது வாழ்க்கை, அவர் அறையில் அது கலை, ஏனென்றால் அவர் அதைக் கூலிக்காகச் செய்யவில்லை, கேள்வியாகச் செய்தார். அந்த வித்தியாசம் முக்கியமானது. தோட்டத்துப் பெண்ணின் எட்டு மணி நேர வேலையைப் பார்த்து ‘ஆஹா, நீள்நேரப் படைப்பு’ என்று சொல்லும் ஆளிடம் எனக்குப் பொறுமை இல்லை.

நேரத்தைப் பலர் சேர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, பெரு நாட்டின் லிமா நகரத்துக்கு வெளியே 2002இல் கலைஞர் பிரான்சிஸ் அலீஸ் செய்தது: 500 தன்னார்வலர்கள் ஒரே வரிசையில் மண்வெட்டியோடு நின்று ஒரு மணல் மேட்டைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினார்கள். காற்று அடித்தால் மணல் மறுபடி நகர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நகர்ந்த மணலை யாரும் அளக்கப் போவதில்லை, அந்த வரிசையில் நின்றேன் என்று ஐந்நூறு பேர் சொல்லலாம்.

ஞாபகம்: உடம்பு வைத்திருப்பது

ஞாபகம் என்றால் பழைய படங்களைச் சுவரில் மாட்டுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பங்கேற்புக் கலையில் ஞாபகம் ஒரு செயல். நீங்கள் ஏதாவது செய்யும்போதுதான் அது மேலே வருகிறது, செய்யும் விதத்தைப் பொறுத்து மாறியும் வருகிறது.

யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் போரால் வீட்டை விட்டுப் போனவர்களிடம், தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார். 2011இல் அது ஒரு நூல் வடிவப் படைப்பாக வந்தது. கிணறு எங்கே, பூஜை அறை எங்கே என்று கை கோடு போடும்போது, வாய் சொல்ல மறந்தது கைக்கு வந்துவிடுகிறது. அது நிகழ்த்துகலை என்று யாரும் வகைப்படுத்தமாட்டார்கள், ஆனால் அந்த மனிதர்கள் பென்சில் பிடித்த நேரம் இல்லாமல் அந்தப் படைப்பு இல்லை.

மலையகத்தில் நமக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மலையக மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 2023 ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த நடைபயணம். முன்னோர்கள் கப்பலிலிருந்து இறங்கி, காடு வழியாக, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே பலரைப் புதைத்துவிட்டு நடந்த பாதையின் திசையில் நடந்தார்கள். அது கலை நிகழ்வு இல்லை, உரிமைக்கான நடை, அதை அப்படியே சொல்வதுதான் மரியாதை. ஆனால் கலைக்காரர்கள் மீள்நிகழ்த்தல் என்று சொல்வதை, அதாவது கடந்த காலத்தில் நடந்த ஒன்றை இப்போதைய உடம்பால் திரும்பச் செய்து பார்ப்பதை, புரிந்துகொள்ள இது உதவும். 1823 என்ற எண் பாடப்புத்தகத்தில் இருந்தது. வெயிலில் உள்ளங்கால் கொப்புளித்தபோது அது வேறு மாதிரி உள்ளே இறங்கியது. முன்னோர் பட்டது நமக்கு வந்துவிடாது, நமக்கு ஆம்புலன்சும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று உடம்புக்குத் தெரிவதுதான் மீள்நிகழ்த்தலின் பயன்.

இருப்பு: சும்மா உட்கார்ந்திருந்தவர்

இப்போது அந்த நாற்காலிக்கு வருவோம். 2010 மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே கடைசி வரை, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில், திறந்திருந்த நேரம் முழுக்க அப்ரமோவிச் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொத்தம் 700 மணி நேரத்துக்கு மேல். எதிரில் ஒரு காலி நாற்காலி. யாரும் வந்து உட்காரலாம், விரும்பும் வரை இருக்கலாம், பேசக் கூடாது, தொடக் கூடாது. அவர் உங்களைப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள், வேறொன்றும் நடக்காது.

வரிசையில் மணிக்கணக்காக நின்று வந்து உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் அழுதார்கள். ஏன் என்று யோசித்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஃபோன் எடுக்காமல், எதையும் கேட்காமல், போக அவசரப்படாமல் ஒருவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து எத்தனை வருஷம் ஆகிறது? தாத்தா இஸ்தோப்பில் உட்கார்ந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உட்காருவதில் இல்லை, எதிரில் வைத்த நாற்காலியில். தாத்தா யாருக்காகவும் உட்காரவில்லை. இது வருகிறவருக்காக, விதியோடு, வருகிறவர் விரும்பும் அளவு நேரத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்ட உட்காருதல். அந்தக் கேள்வி கேட்ட நண்பர்களுக்கு என் பதில் அதுதான், அப்புறம் தாத்தாவின் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு பகல் பேசாமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன், உண்மையாகவே.

ஆக, நேரத்தைச் சுருக்க முடியாது, ஞாபகம் செய்யும்போதுதான் வருகிறது, இருப்பு என்பது ஒருவருக்காக இன்னொருவர் அங்கே இருப்பது.

அப்படியானால் காமன் கூத்து?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், ‘நம்மிடம் எப்போதோ இருந்ததைத்தானே வெள்ளைக்காரன் புதிதாகச் சொல்கிறான்’ என்று. தோட்டங்களில் ஆடும் காமன் கூத்து மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் நடுவதில் தொடங்குகிறது, தப்பு மேளம் அடிக்க ரதியும் மன்மதனும் லயம் லயமாக (வரிசை வீடுகள் தோறும்) வருகிறார்கள், வேடம் போடுகிறவர்கள் நேர்ந்துகொண்டு விரதம் இருக்கிறார்கள், சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் இரவில் தோட்டமே அழுகிறது. ரதியாக நிற்பது பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) பையன் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அழுகிறார்கள். அருச்சுனன் தபசுக் கூத்தில் உயரமான மரத்தில் ஏறும்போது கீழே நிற்கிறவர்கள் வெறுமனே வேடிக்கை பார்ப்பதில்லை, பொன்னர் சங்கர் கூத்தில் படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும் வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பங்கேற்பில் இதை மிஞ்ச எந்த அருங்காட்சியகத்தாலும் முடியாது.

ஆனாலும் காமன் கூத்தை நிகழ்த்துகலை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. காமன் கூத்தில் முடிவு எல்லோருக்கும் தெரியும், விதி பரம்பரையாக வந்தது, அதை மீறினால் நோன்பு கெடும் என்ற பயம் உண்டு. நிகழ்த்துகலையில் விதியைப் போட்டது ஓர் ஆள், முடிவு யாருக்கும் தெரியாது, என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் நோக்கமே. ஒன்று சமூகம் தன்னை ஒவ்வொரு வருஷமும் சேர்த்துக் கட்டும் சடங்கு, மற்றது ஓர் ஆள் சமூகத்திடம் வைக்கும் கேள்வி. வெளிநாட்டுப் பெயரை ஒட்டினால் காமன் கூத்துக்கு மதிப்பு கூடும் என்று நினைப்பதே அதைச் சின்னதாக்குகிறது. அதோடு, தப்பு இசையை மேடையில் புகழ்ந்துவிட்டு, அதை அடிக்கிறவரைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்துகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கூத்திலிருந்து எடுத்துப் புதுப் படைப்பு செய்ய வருகிறவர்கள் முதலில் அவர் பெயரைப் போட்டு, அவருக்கான கூலியையும் கொடுக்கட்டும், பிறகு மற்றதைப் பேசலாம்.

நம் நாட்டில் இந்த வகைக் கலை புதிதும் இல்லை. கொழும்பில் 2000இல் உருவான தீர்த்த கலைஞர் குழுவைச் சுற்றி, பந்து மனம்பேரி போன்றவர்கள் உடம்பை வைத்துப் போரையும் ஞாபகத்தையும் பேசியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கட்டிப் பார்ப்போம்

இதுவரை வந்ததை வைத்து ஒரு படைப்பை யோசிக்கலாம். மஸ்கெலியாவின் பழைய நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது, 1960களின் கடைசியில் அணை கட்டியபோது மூழ்கியது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், அப்போது சனம் பார்க்கப் போகும், செல்ஃபி எடுக்கும், வரும்.

அந்த நாட்களில் ஒன்றில் இப்படி ஒரு விதி போட்டால்? பழைய நகரத்தில் நடந்து திரிந்த ஒரு பெரியவர் முன்னால் நடப்பார். கடை இருந்த இடம் என்று ஞாபகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் அவர் நின்று, பின்னால் வரும் இளையவர்களில் ஒருவரை அங்கே நிறுத்தி, அந்தக் கடையில் தான் வாங்கிய ஒரே ஒரு பொருளைப் பற்றி அவர் காதில் மட்டும் சொல்வார். நிறுத்தப்பட்டவர் மாலை வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பிறகு வருகிறவர்கள் ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்கலாம், அவர் தான் கேட்டதைச் சொல்லுவார். எழுதி வைக்கக் கூடாது.

இதில் சாமான்கள் ஒன்றும் இல்லை, மேடை இல்லை. நாலு மணி நேரம் வெயிலில் நிற்பவரின் நேரம் ஒரு கடையின் சுவராகிறது. நூறாவது ஆளுக்குச் சொல்லும்போது மண்ணெண்ணெய் போத்தல் நல்லெண்ணெய்ப் போத்தல் ஆகியிருக்கலாம், அந்த மாற்றத்தை மறைக்க வேண்டியதில்லை, ஞாபகம் கைமாறும்போது அப்படித்தான் ஆகும். இரண்டு பெரியவர்கள் வந்து ‘அது செட்டியார் கடை இல்லை, பேக்கரி’ என்று சண்டை போட்டால் இன்னும் நல்லது, இரண்டு இடத்திலும் ஆளை நிறுத்துங்கள். ஒருவர் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டால் நகரத்தில் ஒரு கடை மூடிவிட்டது என்று அர்த்தம். இங்கே யாரையும் மேடைக்கு இழுக்கவில்லை, யாரும் கைதட்டவில்லை, ஆனால் வந்தவர்கள் நிற்காவிட்டால் நகரம் இல்லை.

குறையும் இருக்கிறது. ஏரிப் படுகையின் சேறு கால் வைத்தால் இறங்கும், பெரியவரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர் ஞாபகம் வந்து உடைந்துபோனால் நிறுத்துவது யார், அந்த உரிமை அவரிடம்தான் இருக்க வேண்டும். ஓனோ வைத்துக்கொண்ட அந்தச் சின்ன உரிமை, எப்போது முடிப்பது என்ற உரிமை, இங்கேதான் பெரிதாகிறது.

உங்களைக் கூப்பிட்டால்

தோட்டங்களுக்கு ஆய்வுக்காரர்கள், படம் எடுக்கிறவர்கள், கலைஞர்கள் என்று வருகிறார்கள். ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள், எங்களோடு சேர்ந்து ஒன்று செய்வோம்’ என்கிறார்கள். நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கலை யாருடைய நேரத்திலும் ஞாபகத்திலும் செய்யப்படுகிறதோ அவருக்குக் கேட்கிற உரிமை இருக்கிறது, அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். வேலை நாளாக இருந்தால் அந்த நாளின் பேர் போகுமே, அதை யார் ஈடுசெய்வது என்று கேளுங்கள், இது கஞ்சத்தனமான கேள்வி இல்லை, கலைஞருக்கு அவருடைய நாளுக்குக் காசு வருகிறது. நடுவில் எழுந்து போகலாமா என்று கேளுங்கள், போகக் கூடாது என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்து போகலாம். படம் எடுப்பீர்களா, எடுத்தால் எங்கே போடுவீர்கள், என் பெயர் வருமா, வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா என்று கேளுங்கள். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அக்காவைக் கோச்சி (ரயில்) ஏற்றிவிட்ட நாளைப் பற்றி ஒரு பாட்டி சொல்லும்போது, அவர் அழுவதுதான் அந்தப் படைப்பின் உச்சம் என்று யாராவது ஏற்கனவே முடிவு செய்து வைத்திருந்தால் அது பங்கேற்பு இல்லை, அவருக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு வேடம் கொடுத்திருக்கிறார்கள். முடிவு கலைஞருக்கும் தெரியாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். பாட்டி சிரித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர் கொஞ்சம் யோசித்து, ‘சிரிக்கட்டும், அதையும் சேர்த்துத்தான்’ என்று சொன்னால் அவரோடு உட்காரலாம்.